அறுபத்தொரு குழிகள்

செவ்வாய்க்கிழமை பதினொரு நிமிடம் பெய்தது.
வெள்ளிக்கிழமை நான் போகிறேன்,
ஏணியும் சோக்கட்டியும் காப்புறுதிப் படிவமுமாக,
கல்கரியின் வடகிழக்கே, டாரடேல் பக்கம்.
தெருவில் ஒரு துண்டு ஆலங்கட்டி இல்லை.
குற்றவாளி தண்ணீராகி
வடிகால் வழியே எப்போதோ போய்விட்டான்.
வீடுகள் மட்டும் அம்மைத் தழும்போடு நிற்கின்றன.

என் படிவத்தில் இரண்டு கட்டம்.
அடிபட்டது: பணம் உண்டு.
அரித்தது: பணம் இல்லை.
பத்தாம் வகுப்பில் இதற்கு
பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்று பெயர்.
பரீட்சைக்கு ஐந்து புள்ளி.
இங்கே ஒரு கதவுக்கு எண்ணூறு டொலர்.

எல்லோரும் என்னிடம் கேட்பது
"பழையபடி வருமா?"
அதை வைத்து எதுவும் பிடிபடாது.
நொறுங்கிய பின்கண்ணாடி பழையபடி வராது.
ஆனாலும் இருக்கையில் சிதறிக் கிடக்கும்
ஒவ்வொரு கற்கண்டும் கண்ணாடிதான்.
கேட்க வேண்டியது
"இன்னும் அதுதானா?" என்று.
பார்பிக்யூ அடுப்புக்குப் பக்கத்தில்
உருகித் தொங்கும் பிளாஸ்டிக் சுவர்
வடிவம் கெட்ட பிளாஸ்டிக்.
அதற்குக் கீழே கருகிய மூலை
வேறு எதுவோ. மூக்குக்கே தெரியும்.

தெஸ்ஃபாய் டாக்சி ஓட்டுகிறவர்.
என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடி
ஒரு பையோடு திரும்பி வந்தார்:
உறைபெட்டியில்
பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீனுக்கும் நடுவே
மூன்று நாள் காவலில் வைத்த
நான்கு ஆலங்கட்டிகள்.
"சாட்சி," என்றார்.
பெரியதில் அளவுநாடா வைத்தேன். ஐந்து சென்டிமீட்டர்.
எழுதி முடிப்பதற்குள் நாலரை.

கூரைமேல் ஒவ்வொரு குழிக்கும்
சோக்கால் ஒரு வட்டம்.
வெயில் சாய்ந்து விழுந்தால்தான் குழி தெரியும்,
உச்சி வெயிலில் எல்லாக் காரும் புதிது.
அறுபது.
பொனட்டில் இன்னும் ஒன்று, விளிம்பருகே,
செம்பழுப்பாய்.
கட்டைவிரலால் தேய்த்தேன்.
பாடப்புத்தகத்தில் இல்லாத சோதனை இது:
கையில் ஒட்டினால் வேறு பொருள்.
ஒட்டியது.

"அது போன வருடத்து மழை," என்றார்,
நான் கேட்காமலே.
அப்போது வெறும் குழிதானாம்.
முதல் ஐந்நூறு டொலரைத் தானே கட்ட வேண்டும் என்றதும்
விட்டுவிட்டாராம்.
ஓர் அரிசி அளவுக்குப் பெயின்ட் உரிந்திருந்ததாம்.
பிறகு குளிர்காலம். ரோட்டில் உப்பு.
விமான நிலைய வரிசையில், என்ஜின் சூட்டில்,
இரவிரவாகப் பனி உருகி
அந்த அரிசிக்குள் இறங்கியிருக்கிறது.
இரும்பு அவசரப்படவில்லை.
சத்தம் இல்லை, புகை இல்லை.
எந்தச் செவ்வாய்க்கிழமை என்று
யாராலும் சொல்ல முடியாது.

அடிபட்ட இடத்தில்தான் அரித்திருக்கிறது.
எந்தக் கட்டம்?
"பிறகு" என்ற சொல்லுக்குப் படிவத்தில் இடமில்லை.
துருவைக் கண்டால் கதை கேட்காதே
என்பார் என் மேலாளர் கிரெய்க்.
நான் கேட்டுவிட்டேன்.

அறுபத்தொன்று என்று எழுதினேன்.
பேனையை உடனே மூடினேன்.

அவருக்கு அது தெரியாது.
மூன்று கட்டிகளை, அடுத்து வரும் அதிகாரிக்காக,
மறுபடி பட்டாணிக்குப் பக்கத்தில் வைக்கப் போனார்.
நான்காவதை என் கையில் தந்தார்:
"உங்கள் ஆபீசில் காட்டுங்கள்."

காரில் கோப்பை வைக்கும் குழியில் வைத்தேன்.
அடுத்த வீட்டு வாசலில் பார்த்தபோது
சில கரண்டித் தண்ணீர்,
அடியில் ஒரு பொட்டுத் தூசி.
கட்டியாக இருந்தபோதும் அது தண்ணீர்தான்.
நாய்க்கு ஊற்றியிருந்தால் குடித்திருக்கும்.

கட்டைவிரலில் அந்தச் செம்பழுப்பு.
இரவு சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
சனிக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது,
ரேகைக்குள் இன்னும் இருந்தது.